திரேசா அண்ணி கொண்டு வந்த ஐந்து ரூபா

விடியும்போதே மழை பிடித்திருந்தது. பெல்மதுளைச் சந்தியில் எங்கள் ஹார்ட்வெயார் கடையைத் திறந்து, முதலாளி புத்தர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு பேங்குக்குப் போயிருந்தார். ஊதுபத்தியும், புதுக் குழாய்களும், பெயின்ட் தின்னரும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தோடு காசு மேசையில் உட்கார்ந்து சில்லறையைத் தட்டில் பிரித்துப் போடுவது எனக்குப் பிடித்த வேலை.

வாசலில் ஒரு கறுப்புக் குடை மடங்கியது. தண்ணீரை உதறிவிட்டு நிமிர்ந்தவரைப் பார்த்ததும் என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

திரேசா அண்ணி. என் கணவரின் அக்கா.

தெரணியகலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அங்கிருந்து இங்கே வர அவிசாவளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ் என்று மாறி ஏற வேண்டும். சும்மா எட்டிப் பார்க்கிற தூரமில்லை. அதுவும் என்னைப் பார்க்க அவர் வந்ததே இல்லை.

“வேலையா இருக்கியா, பிலோ?” என்று கேட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு அவர் வாயால் என் பெயரைக் கேட்டேன்.

பேசாமல் இருந்த காலம்

எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. கல்யாணமான புதிதில் என் கணவர் அருளப்பனுக்கு இந்தப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையைக் காலி செய்துகொண்டு வந்தோம். அண்ணி தாயில்லாமல் தம்பியை வளர்த்தவர். அவர் மனதில் நான்தான் அவனைப் பிரித்துக்கொண்டு போனவள். திருநாளுக்குப் போனால் தம்பியோடு பேசுவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார். என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

அருளப்பன் இரண்டு பேரிடமும் எதுவும் கேட்டதில்லை. அது அவர் சுபாவம்.

அப்படிப்பட்ட அண்ணி, ஈரச் சேலையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். அவிழ்க்கும்போது உள்ளே ஒரு சோடித் தோடு மின்னியது. அதை மறைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஐந்து ரூபாக் குற்றியை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய, தடித்த, மஞ்சள் நிறக் காசு.

“ஒண்ணும் சொல்லாம மொதல்ல பாரு. தம்பிதான் சொன்னான், பிலோகிட்ட காட்டாம எதுவும் செய்யாதன்னு.”

எனக்கு இந்தப் பைத்தியம் வந்த கதை

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த ஒரு சகோதரி, ‘நீங்கள் காசு பார்க்கிறவராமே, அதை ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டிருந்தார். காசு பார்ப்பதென்றால் வருமானம் பார்ப்பது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் பார்ப்பது காசில் உள்ள பிழையை.

இந்த மேசைக்கு வந்த முதல் வருடம், யாரோ கொடுத்த சில்லறையில் ஒரு இரண்டு ரூபாக் குற்றி இருந்தது. படம் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக நகர்ந்து போய், மறுபக்கம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. செல்லாக் காசு என்று முதலாளி ஒதுக்கி வைக்கச் சொன்னார். நான் என் பர்ஸிலிருந்து நல்ல காசு ஒன்றைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். காசடிக்கிற இடத்தில் வெறும் வில்லை சரியாக உட்காராத நேரத்தில் அச்சு இறங்கியிருக்கிறது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கும் ஒரு கணம் தவறியிருக்கிறது என்பது ஏனோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒரு லென்ஸ் வாங்கினேன். எங்கள் ஊரில் அது கஷ்டமில்லை. தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்காருகிறவரின் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கும். மாணிக்கக் கல் பார்க்கிறவர்கள் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் யோசிப்பது, இந்த நிறம் மண்ணுக்குள்ளேயே வந்ததா, நெருப்பில் போட்டு வரவழைத்ததா என்று. காசிலும் அதே கேள்விதான். இந்தக் கோணல் அச்சடிக்கும்போதே வந்ததா, வெளியே வந்த பிறகு யாராவது, ஏதாவது செய்ததா? முதல் வகையைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. இரண்டாவது வெறும் காயம்பட்ட காசு.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பார்க்கும்போது அப்படியில்லை.

காசின்மேல் ஒரு கோடு இருக்கிறதென்று வையுங்கள். அச்சிலே வெடிப்பு இருந்தால், உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறி, காசில் கோடு நரம்பு மாதிரி மேலே எழுந்து நிற்கும். ஆணி கிழித்த கோடு பள்ளமாக இருக்கும், ஓரத்தில் மண் ஒதுங்கியது போல உலோகம் ஒதுங்கியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் கோடுதான். லென்ஸில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும்.

உருளைக்குள் போன காசு

றப்பர் தோட்டத்தில் காசு கெட்டுப்போக வழிகள் அதிகம். என் அப்பா உறைந்த றப்பர் பாலை ஷீட்டாக உருட்டுகிற இடத்தில் வேலை செய்தார். ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசு ஷீட்டோடு சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது ஒரு பக்கம் நீண்டு, முதுகில் உருளையின் கட்டம் கட்டமான கோடு பதிந்திருந்தது. நானும் தங்கச்சியும் அதை லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இன்றைக்கு அப்படியொரு காசை யாராவது படம் பிடித்துப் போட்டால், அபூர்வமான பிழை என்று நாலு பேர் எழுதுவார்கள்.

பால் உறைய ஊற்றுகிற அசிட் இன்னொரு வில்லன். புளத்கொகுபிட்டியவிலிருந்து ஒருவர் எனக்கு ஒரு காசின் படங்களை அனுப்பியிருந்தார். காசு மெலிந்து, எழுத்தெல்லாம் கரைந்து, ஆவி போல இருந்தது. மெல்லிய தகட்டில் தவறி அடித்துவிட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. மெல்லிய தகட்டில் அடித்திருந்தால் எழுத்து சில இடங்களில் கூராகவும் சில இடங்களில் பதியாமலும் இருக்கும். இதில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அசிட் எல்லாப் பக்கமும் ஒரேயளவு தின்னும். அதை எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ‘இது பிழைக் காசு இல்லை’ என்று சொல்வதை யாரும் காசைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. தங்களைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

சிங்கத்தின்மேல் ஒரு ஐந்து

இப்போது அண்ணியின் காசுக்கு வருகிறேன்.

லென்ஸை வைத்தேன். அரசுச் சின்னம் இருக்கிற பக்கத்தில், சிங்கத்தின்மேல் ஒரு ‘5’ உள்ளே அமுங்கிப் பதிந்திருந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறிய ஐந்து. அதைச் சுற்றி மூன்று மொழி எழுத்துகளும் புரண்டு கிடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காசடிக்கிற இடத்தில் இப்படி நடப்பதுண்டு. அடித்து முடிந்த காசொன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெறும் வில்லை அதன்மேல் அடிபடும்போது, ஒட்டியிருக்கிற காசின் படம் அதில் மாறிப் பள்ளமாகப் பதியும். அப்படிப்பட்ட காசை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் நல்ல விலை போகும் என்பதும் உண்மை.

ஆனால் வெறும் வில்லையில் சிங்கம் இருக்காது. அண்ணியின் காசில் அந்த ஐந்தின் வயிற்றுக்குப் பக்கத்தில் நசுங்கிப்போன சிங்கத்தின் வால் தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் கூராக நிற்க வேண்டிய ஐந்து எதன்மேலோ அழுத்தியது போல மட்டமாகிக் கிடந்தது. இரண்டு நல்ல காசுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து யாரோ நெருக்கியிருக்கிறார்கள். பொழுது போகாமல் செய்தார்களோ, வேறு எண்ணத்தோடு செய்தார்களோ, தெரியாது. அது கைமாறி, தெரணியகலைக் கடையொன்றில் அண்ணிக்கு மிச்சக் காசாக வந்து சேர்ந்திருக்கிறது.

நான் நிமிர்ந்தபோது அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டரின் முகத்தை நோயாளி பார்ப்பது போல.

பிறகு அவரே சொன்னார். போனில் ஒரு வீடியோ வந்ததாம். இந்த மாதிரிக் காசு இருந்தால் இலட்சக்கணக்கில் தருவோம் என்று. படம் அனுப்பினாராம். உடனே ஒரு கொழும்பு மாத்தயா, சிங்களத்தில் ஐயா, கூப்பிட்டு, வாங்க ஆள் தயார், காசைப் பதிவு செய்ய மட்டும் முன்பணம் அனுப்புங்கள், இன்றைக்கே அனுப்பாவிட்டால் ஆள் வேறு காசை வாங்கிவிடுவார் என்றானாம். நாளுக்கு நாலு தடவை கூப்பிடுகிறான். மரியாதையாகப் பேசுகிறான். அக்கா, அக்கா என்கிறான்.

தோடு எதற்குக் கைக்குட்டையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில்தான் அடகுக் கடை.

தோட்டத்தில் வீடு கட்டத் துண்டு நிலம் கொடுத்திருந்தார்கள். அண்ணி அத்திவாரம் போட்டதோடு வேலை நின்றுபோனது. அதற்குள் புல் முளைத்து, மழைத் தண்ணீர் தேங்கி, தவளை கத்துகிறது என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“நல்ல காசுதானே, பிலோ?”

நான் சொல்லாமல் விட்டது

இல்லை என்று சொல்லிவிடலாம். உண்மைதானே. ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் அது காசைப் பற்றிய உண்மையாக இருக்காது. தம்பியைக் கொண்டுபோனவள் இப்போது வீட்டையும் வேண்டாம் என்கிறாள் என்றுதான் இருக்கும். இங்கிருந்து இறங்கி, நேரே அடகுக் கடைக்குப் போவார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

சுனிலை மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவன்தான் கடையில் குழாய் வெட்டிக் கொடுக்கிறவன். என் பையிலிருந்து அதே மாதிரிப் பழைய ஐந்து ரூபா இரண்டை எடுத்துக்கொண்டேன். நல்ல காசு, அடிபடாதது. பிழை பார்க்கப் பழகுகிறவள் நல்ல காசையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

“அண்ணி, பின்னால வாங்க. ஒண்ணு காட்டணும்.”

கடைக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே, குழாய்க்குப் புரி வெட்டும் மேசையில் இரும்பை நெருக்கிப் பிடிக்கும் ஒரு பெரிய வைஸ் பூட்டியிருக்கிறது. மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றோம்.

ஒரு காசின் சிங்கத்தை அவரிடம் காட்டினேன். இன்னொன்றின் ஐந்தைக் காட்டினேன். சிங்கத்தின்மேல் ஐந்து படும்படி இரண்டையும் முகத்துக்கு முகம் சேர்த்து, வைஸின் வாய்க்குள் வைத்தேன். கைபிடியில் ஒரு துண்டுக் குழாயைச் செருகினேன். நெம்ப வசதியாக இருக்கும்.

“என் கைக்குப் பலம் பத்தாது. நீங்க முறுக்குங்க.”

அவர் ஏனென்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைப் பிடித்தார். வருடக்கணக்காக றப்பர் மரத்தில் கத்தி இழுத்த கை. வைஸ் முனகியது. இன்னும் என்றேன். காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு இன்னொரு முறை இழுத்தார். மேசையே அசைந்தது.

தளர்த்தி, காசுகளைப் பிரித்து, சிங்கம் இருந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அண்ணியின் காசில் இருந்த அளவு ஆழமில்லை. ஆனாலும் சிங்கத்தின்மேல் இடம் வலம் மாறிய ஒரு ஐந்து பதிந்திருந்தது.

நான் லென்ஸை நீட்டினேன். முதலில் புதிதாகச் செய்த காசைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைப் பார்த்தார். திரும்பவும் புதியதை. தகரத்திலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டியது, அவர் நகரவில்லை.

“சிங்கத்தோட வாலு தெரியுது,” என்றார்.

“ஆமாங்க அண்ணி.”

“என்னோடதுலயும் தெரியுது.”

அதன் பிறகுதான் நான் வாய் திறந்தேன். காசடிக்கிற இடத்தில் பிறந்த பிழையென்றால் அடியில் சிங்கம் இருந்திருக்காது, வெறும் வில்லைதான் இருந்திருக்கும் என்றேன். பின்பக்கம் நசுங்கியிருப்பதையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். பெருவிரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அழவில்லை. குழாய்க் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“சுவரு எழுப்பி, தகரம் போட்டு, கதவுக்குக்கூட என்ன கலருன்னு நெனச்சு வச்சிருந்தேன், பிலோ.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொழும்பு மாத்தயா

அண்ணியின் போன் அடித்தது. அவன்தான்.

அண்ணி ஒரு மூச்சு எடுத்துவிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் சிங்களக் கிராமங்கள், சின்ன வயதிலிருந்து பேசிப் பழகியது. அவன் வழக்கம் போல அக்கா என்று ஆரம்பித்து, பணம் அனுப்பியாகிவிட்டதா என்றான்.

அண்ணி சிங்களத்தில் அவனைத் தம்பி என்று கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். மல்லி, இப்போது என்னிடம் அதே மாதிரி இரண்டு காசு இருக்கிறது. இரண்டையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு வேண்டியதை எனக்குத் தர வேண்டிய பணத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கொடுத்தால் போதும்.

அப்படிச் செய்ய முடியாது, முன்பணம் வந்தால்தான் என்றான். இலட்சக்கணக்கில் தருகிறவர்களுக்கு இந்தச் சின்னத் தொகை ஏன் முதலில் வேண்டும் என்று அண்ணி கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. கடைக்காரரிடம் அரிசி விலை கேட்பது போலக் கேட்டார்.

அவன் துண்டித்துவிட்டான். அண்ணி திரும்ப எடுத்துப் பார்த்தார். மணி போகவில்லை.

அவர் முதலில் செய்தது தோட்டைப் போட்டுக்கொண்டதுமல்ல, ஆறுதல் தேடியதுமல்ல. லயத்தில் பக்கத்து அறையில் இருக்கும் லெட்சுமிக்குக் கூப்பிட்டார். லெட்சுமியும் இதே மாதிரி ஒரு காசைப் படம் பிடித்து அதே ஆளுக்கு அனுப்பியிருக்கிறாள். அன்று பின்னேரம் தாலிக்கொடியை அடகு வைக்க டவுனுக்குப் போக இருந்தவள்.

“லெட்சுமி, நீ எங்கயும் போகாத. நான் வந்து கையில காட்டுறேன். அதுவரைக்கும் கொடிய கழுத்துலயே போட்டிரு.”

அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமி ஏதேதோ கேட்டாள். அண்ணி பொறுமையாகப் பதில் சொன்னார். வாலைப் பற்றிச் சொன்னார், பின்பக்கத்தைத் தடவச் சொன்னார். நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கண்டதும் ஒனக்குத் தெரிஞ்சிருச்சு, என்ன?”

“தெரிஞ்சிச்சுங்க.”

“ஏன் அங்கயே சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா, அண்ணி?”

“நம்பியிருக்க மாட்டேன்,” என்றார். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். எனக்கு அது கோபம் தரவில்லை. இத்தனை வருடங்களில் அவர் என்னிடம் சொன்ன முதல் நேரான பேச்சு அது.

அன்று பகல்

முதலாளி வந்ததும் அரை நாள் லீவு கேட்டேன். வைஸில் காசு நெரித்த கதையை சுனில் ஏற்கெனவே சொல்லியிருந்தான். முதலாளி என்னைப் பார்த்து, இனி நம் கடையிலும் காசடிக்கிறோம் என்று போர்ட் எழுதிப் போடவா என்று கேட்டுவிட்டு, போகச் சொன்னார்.

வீடு தொழிற்சாலைப் பாதையில், நடக்கிற தூரம்தான். ஒரே குடையில் போனோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அண்ணி இரண்டு தடவை சொன்னார். ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பவில்லை.

சோறு இருந்தது. நெத்தலிக் கருவாட்டைத் தக்காளி போட்டுப் பிரட்டி, பலாக்காய்க் கறியைச் சூடாக்கினேன். அண்ணி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெங்காயத்தை எடுத்துத் தானாகவே உரித்தார். புது வீட்டு அத்திவாரத்தில் இப்போதைக்கு ஒரு பக்கத்தில் மட்டும் அறை எழுப்ப முடியுமா, சீமெந்துக் கல்லை முதலாளி என்ன விலைக்குத் தருவார் என்று விசாரித்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அது பெரிய பதிலில்லை. அவருக்கு அப்போதைக்கு அது போதுமாயிருந்தது.

அருளப்பன் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். தேயிலைத் தூசி படிந்த சட்டையோடு வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே எங்கள் இரண்டு பேரின் குரலும் கேட்டு அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தார். தன் அக்கா என் கையிலிருந்து சோற்றுத் தட்டை வாங்குவதைப் பார்த்தார்.

எதுவும் கேட்கவில்லை. கை கழுவுகிறேன் என்று வெளியே பைப்படிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கை கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது. முகத்தைக் கழுவுகிறார், திரும்பத் திரும்பக் கழுவுகிறார் என்று புரிந்தது.

நான் எழுந்திருக்கப் போனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

“விடு, பிலோ. அவன் மெதுவா வரட்டும். நீ எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடு.”